வாசகர் வட்டம் ஆண்டறிக்கை 2024-25: காரணத்த எழுத்துல கேட்டது

எல்லாருக்கும் வணக்கம். போன ஞாயித்துக்கிழமை கோடை மழையில மேல் ஹட்டிக்காரங்க (ஹட்டின்னா படுகர் ஊர்) பாதி பேருக்கு மேல கோத்தகிரி வந்து சேர முடியல, அதனால கூட்டத்துல வாசிச்ச அறிக்கைய அப்படியே இங்க போடுறேன். வரவு செலவ பொருளாளர் அண்ணா தனியா அனுப்புவார்.

இந்த வருஷம் நம்ம நேரம் அதிகம் போனது ஒரு விஷயத்துக்குத்தான். நம்ம உறுப்பினர் அக்கா ஒருத்தங்க, பேர் போட வேண்டாம்னு சொல்லிட்டாங்க, பச்சத்தேயிலை எடை போடுற எடத்துல தண்ணிக்கழிவுன்னு, அதாவது எலையில இருக்கிற ஈரத்துக்குன்னு சொல்லி மூட்டைக்கு எவ்வளவு எடை புடிக்கிறாங்கன்னு ரசீத போட்டோ எடுத்து நெட்ல போட்டாங்க. மறுநாளே ஆள் வந்து "66ஏ-ல கேஸ் போட்டா மூணு வருஷம் உள்ள இருக்கணும், அழிச்சிரும்மா"ன்னு மிரட்டிட்டுப் போனாங்க, வீட்டுக்காரரும் பயந்துட்டார், அதுக்குள்ள நாலு பேர் சேந்து ரிப்போர்ட் அடிச்சு பதிவே காணாமப் போச்சு. விதிமீறல்னு ஒரு வரி வந்துச்சு, எந்த விதின்னு இல்ல. நூலகத்துக்கு வந்து "தம்பி, நான் பொய் எழுதலையே, எடையத்தான எழுதுனேன்?"னு அவங்க கேட்டது எனக்கு இன்னும் மனசுல இருக்கு.

எல்லாரும் தெரிஞ்சுக்கணும், 66ஏ இப்ப சட்டத்துல கிடையாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்துல 2008 திருத்தத்துல சேத்த பிரிவு அது, எரிச்சல் உண்டாக்குற மாதிரி எழுதுனாலே மூணு வருஷம் வரைக்கும் ஜெயில்னு இருந்துச்சு. 2012-ல மகாராஷ்டிராவுல பேஸ்புக் பதிவு போட்ட ஒரு பொண்ணையும் அதுக்கு லைக் போட்ட பொண்ணையும் கைது பண்ணாங்க, அதே வருஷம் புதுச்சேரியில ட்விட்டர்ல எழுதுன ஒருத்தரையும் கைது பண்ணாங்க. ஷ்ரேயா சிங்கால்ங்கிற சட்ட மாணவி போட்ட வழக்குல 2015 மார்ச் 24 அன்னிக்கு உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே ரத்து பண்ணிருச்சு. அப்புறமும் பல ஊர்ல அதே பிரிவுல கேஸ் போட்டுட்டே இருந்ததால 2022 அக்டோபர்ல கோர்ட் இன்னொரு தடவ சொல்ல வேண்டியதா போச்சு. செத்துப்போன பிரிவ வச்சு நம்ம மலையில ஒரு பொம்பளைய மிரட்டுனாங்கங்கிறத என்னால இன்னும் ஏத்துக்க முடியல.

அக்காவுக்காக அந்தத் தளத்தோட குறைதீர் அலுவலருக்கு எழுதுனோம். 2021 விதிப்படி 24 மணி நேரத்துல புகார் கிடைச்சதுன்னு சொல்லணும், அப்ப இருந்த கெடுப்படி 15 நாள்ல தீர்வு சொல்லணும், அதுல திருப்தி இல்லன்னா 30 நாளுக்குள்ள ஒன்றிய அரசு வச்சிருக்கிற மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். மொத பதில்ல ஒண்ணுமே இல்ல, ரெண்டாவது கடிதத்துல "எந்த விதிய மீறுனாங்க, எந்த வரியில"ன்னு மட்டும் கேட்டோம். பதிவு திரும்ப வந்துருச்சு. காரணம் மட்டும் வரல.

அதே நேரத்துல ஒண்ணு சொல்லணும், அவதூறு சட்டம் அப்படியேதான் இருக்கு, 2024 ஜூலையிலேர்ந்து பாரதிய நியாய சன்ஹிதாவுல 356-வது பிரிவு. பொதுநலத்துக்கான உண்மைங்கிறது அதுல விதிவிலக்கு, ஆனா உண்மைன்னு நிரூபிக்கிற பொறுப்பு நம்மளோடது, அதனால ரசீத எடுத்து வச்சுக்கிட்டு எழுதுங்க, அடுத்தவர் சொன்னத அப்படியே போடாதீங்க.

ஐப்பசி மழையில மூணு நாள் நெட் போனப்ப "அரசாங்கம்தான் நிறுத்திருச்சு"ன்னு ஹட்டி ஹட்டியா பேச்சு ஓடுச்சு, 2018 மே மாசம் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரியில நிறுத்துனத எல்லாருக்கும் ஞாபகம் இருக்கறதால நம்பிட்டாங்க. கடைசியில மரம் விழுந்து கேபிள் அறுந்திருந்துச்சு. காஷ்மீர்ல நெட் நிறுத்துனத எதிர்த்து வந்த அனுராதா பாசின் வழக்குல 2020 ஜனவரியில உச்ச நீதிமன்றம் சொன்னபடி நிறுத்தணும்னா உத்தரவ வெளியிடணும், காலவரையில்லாம நிறுத்தவும் கூடாது. இனிமே நெட் போனா மொதல்ல உத்தரவு இருக்கான்னு கேளுங்க.

படிக்கிற விஷயம். தேயிலைக் கொசுங்கிற பூச்சி பத்தி ஆராய்ச்சிக் கட்டுரை வேணும்னு விவசாயிங்க கேட்டாங்க, தேடுனா எல்லாம் காசு கட்டுற பூட்டுக்குள்ள. ஆராய்ச்சி இதழ்களுக்கு அரசே சந்தா கட்டுறதுக்காக 2025 ஜனவரியில ஆரம்பிச்ச ஒரே நாடு ஒரே சந்தா திட்டம், மூணு வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய், அரசு உயர்கல்வி நிறுவனத்துல படிக்கிறவங்களுக்கும் ஆராய்ச்சி பண்றவங்களுக்கும்தான், செடியில கொசு கடிச்ச எலையப் பாக்குற ஆளுக்குக் கிடையாது. இது எனக்கு ரொம்ப வருத்தம், பொது நூலகத்தையும் சேக்கணும்னு மனு எழுதியிருக்கோம், எல்லாரும் கையெழுத்து போடுங்க. மதுரைத் திட்டம் 1998-லேர்ந்து தமிழ் நூல்கள இலவசமா குடுக்குது, நாட்டுடைமையான நூல்களும் நெட்ல கிடைக்குது, அதுல பிள்ளைங்களுக்குப் புடிச்சத நூலகக் கம்ப்யூட்டர்ல இறக்கி வச்சாச்சு. எழுத்தாளர் இறந்து 60 வருஷம் ஆகாத, அதாவது காப்புரிமை முடியாத புத்தகத்த பிடிஎப் போடச் சொல்லி சிலர் கேட்டீங்க, நாட்டுடைமை ஆகாததா இருந்தா அத நான் பண்ண மாட்டேன், எழுதுறவங்க வீட்டுலயும் அடுப்பு எரியணும்.

படுகர் மொழியான படுகுல பேச்சு, பாட்டு பதிவு செஞ்சதுல பெரியவங்க சில பாட்ட மட்டும் "இது சாவு வீட்டுல பாடுறது, கண்ட நேரத்துல கேக்கக் கூடாது"ன்னு நெட்ல ஏத்த வேண்டாம்னாங்க. சின்னப் பசங்க வாதாடுனாங்க, "எல்லா அறிவும் எல்லாருக்கும் வேணும்தான, நீங்கதான அண்ணா சொன்னீங்க"ன்னு என்னையே மடக்குனாங்க. ரெண்டு வாரம் யோசிச்சேன். பாடுனவங்க அனுமதி இல்லாம ஏத்துறது சரியில்லன்னு முடிவு பண்ணி அந்தப் பாட்டுகள ஒரு பென் டிரைவ்ல போட்டு அவங்க ஹட்டியிலயே குடுத்துட்டோம், மிச்சத்த மட்டும் ஏத்தியிருக்கோம்.

பாக்கி வேலை: தண்ணிக்கழிவுக்கு அளவு என்னன்னு தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல (ஆர்டிஐ) மனு போட்டதுக்கு 30 நாள் தாண்டியும் பதில் வரல, மொத மேல்முறையீடு எழுதி வச்சிருக்கேன். அக்கா கையெழுத்து போட்டாங்கன்னா திங்கக்கிழமை ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பிருவேன்.