டீ கிளாசின் அடியில் கிடக்கும் சீனி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தை இருபது வருடமாக விடாமல் வாசித்து வருகிறேன். தினமும் நடக்க வேண்டும், நேரத்துக்குத் தூங்க வேண்டும், காய்கறியைக் கூட்ட வேண்டும் என்று அதில் வருவதெல்லாம் சரிதான். ஆனால் காலை ஏழு மணிக்கு என் கடை வாசலில் வந்து நிற்பவர், ராத்திரி முழுக்க ஸ்பின்னிங் மில்லில் நின்றுவிட்டு, தலைமுடியில் ஒட்டிய பஞ்சோடு வருகிறார். அவரிடம் போய், "நடைப்பயிற்சிக்குப் போங்கள்" என்று சொல்ல எனக்கு மனசு வராது. அவர் கை தானாக நீளுகிற இடம் என் டீ கிளாஸ். மாற்றம் அங்கே நடந்தால் அவருக்கு ஒரு சிரமமும் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ராஜபாளையம் தென்காசி சாலையில் எங்கள் அப்பா 1984-ல் ஆரம்பித்த கடை இது. ஒரு நாளைக்கு நானூற்றைம்பது டீ போகும். கூட்ட நேரத்தில் கிளாஸ்களை வரிசையாக வைத்து, எல்லாவற்றிலும் முதலில் சீனியைப் போட்டுவிடுவோம். அப்புறம்தான் டிக்காஷன், பால். வருகிறவருக்கு என்ன வயது, என்ன நோய் என்று கேட்க நேரம் இருக்காது. "வித்தவுட்" என்று வாய்விட்டுச் சொன்னவருக்கு மட்டும் தனி கிளாஸ். மற்ற எல்லோருக்கும் ஒரே அளவு. அது எத்தனை கிராம் என்று முப்பது வருடம் டீ ஆற்றிய எனக்கே ரொம்ப நாள் தெரியாமல் இருந்தது.

2011-ல் ஒரு நாள் பாய்லரில் இருந்து வெந்நீர் அப்பாவின் வலது பாதத்தில் கொட்டியது. அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை, டீ ஆற்றிக்கொண்டே இருந்தார். பால் ஊற்ற வந்தவர்தான், "பெரியவரே, கால் வேகுது!" என்று கத்தினார். தோல் உரிந்து தொங்கியது, அப்பாவுக்கு வலிக்கவே இல்லை. சுகர் முற்றி, பாத நரம்புகள் மரத்துப்போய்விட்டன என்று டாக்டர் சொன்னார். அவருக்குச் சுகர் இருப்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். புண் ஆறாமல் இரண்டு விரல்களை எடுத்தார்கள். மூன்று வருடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

நானும் அதே பாய்லர் பக்கத்தில் நின்றேன், அதே டீயைக் குடித்தேன். 2022-ல், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்த தன்னார்வலப் பெண் என் விரலில் குத்திப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, சுகர் 238 காட்டுது, நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார். அன்று சாயங்காலம் என் சீனிக் கரண்டியைப் பக்கத்து மளிகைக் கடைத் தராசுக்குக் கொண்டுபோனேன். வழக்கமாக அள்ளுவது போலவே குமித்து அள்ளி, பத்துக் கரண்டி வைத்தேன். 60 கிராம். ஒரு கிளாசுக்கு இரண்டு கரண்டி என்றால் 12 கிராம். என்னிடம் நாளைக்கு ஐந்து டீ குடிக்கும் லோடுமேனுக்கு டீயிலேயே 60 கிராம் போகிறது. 2,000 கலோரி சாப்பிடும் ஒருவர் பழத்தில், பாலில் இயற்கையாக இருப்பதை விட்டுவிட்டு, சேர்த்துக்கொள்ளும் சீனி ஒரு நாளைக்கு 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25-க்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன கணக்கு. அப்பா கடையில் நான் போட்ட கணக்கு அது இல்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்று 2023-ல் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு வந்தது. நோய் வந்தவர் வித்தவுட் கேட்டு வாங்கிக்கொள்வார். வாசலில் நிற்கிறவருக்குத் தான் அங்கே நிற்பதே தெரியாது. அவர் எதுவும் கேட்க மாட்டார், நான் போடுவதைக் குடிப்பார். ஆகவே சீனியைக் குறைக்கும் வேலையை அவர் தலையில் போடாமல், டீ போடுகிற கை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஒரேயடியாகக் குறைத்தால் ஆள் அடுத்த கடைக்குப் போய்விடுவார். முதல் இரண்டு வாரம் ஒரு கரண்டியைக் குமித்தும் இன்னொன்றைத் தலைதட்டியும் போட்டேன். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. அடுத்த இரண்டு வாரம் இரண்டையுமே தலைதட்டினேன். அப்போதும் பேச்சில்லை. குமித்த கரண்டி ஒன்றுக்கு, அதாவது 6 கிராமுக்கு, இறங்கியபோதுதான் சத்தம் வந்தது. "என்ன அண்ணாச்சி, சீனி போட மறந்துட்டீகளா?" யாரிடமும் வாதாடவில்லை. சீனி டப்பாவையும் ஒரு சின்னக் கரண்டியையும் முன்னால் எடுத்து வைத்தேன், வேண்டியவர் போட்டுக்கொள்ளட்டும் என்று. முதல் வாரம் பாதிப்பேர் போட்டார்கள். ஒரு மாதத்தில் டப்பாவை எடுப்பவர்கள் பத்தில் இரண்டு பேர் ஆகிவிட்டார்கள். நாக்கு அவ்வளவு சீக்கிரம் பழகும் என்று நானே நினைக்கவில்லை. ஊருக்குப் போய்த் திரும்பிய ஒரு மில் தொழிலாளி, "வெளியில குடிச்ச டீ பாயாசம் மாதிரி இருந்துச்சு அண்ணாச்சி" என்றார். நாளைக்கு 5 கிலோ செலவான சீனி இப்போது 3 கிலோவைத் தொடுவதில்லை.

சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் சீனி அளவைச் சொல்லும் பலகை வைக்கச் சொல்லி 2025-ல் உத்தரவு வந்ததைப் படித்து, என் பேத்தியை விட்டு ஒரு சிலேட்டில் "ஒரு டீ – 6 கிராம் சீனி" என்று எழுதி மாட்டியிருக்கிறேன். இதுவரை குடித்ததை மனசுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டு, நாலாவது டீக்குப் பதிலாகப் பானைத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போகிறவர்களை இப்போது தினமும் பார்க்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கருப்பட்டி டீ, நாட்டுச் சர்க்கரை டீ குடித்தால் சுகர் ஏறாது என்று பலர் நம்புகிறார்கள், சில கடைகளில் அப்படிச் சொல்லியே விற்கிறார்கள். தயவுசெய்து நம்பாதீர்கள். கருப்பட்டிக்கு மணமும் ருசியும் உண்டு, ஆனால் ரத்தத்தில் அதுவும் சர்க்கரையாகத்தான் ஏறும். நானே மூன்று மாதம் கருப்பட்டிக்கு மாறிப் பார்த்து, பரிசோதனையில் எண் இறங்காமல் நின்றவன். அளவைக் குறைத்து, மாத்திரையும் விடாமல் சாப்பிட்ட பிறகுதான் இறங்கியது. நேற்று வெறும் வயிற்றில் 118.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். நலவாழ்வுப் பக்கத்தில் வீட்டுச் சமையலுக்கு யோசனை எழுதுவது போல, டீக்கடைக்கும் மில் கேன்டீனுக்கும் எழுதுங்கள். ஒரு டீக்கு எத்தனை கிராம் என்று டாக்டர்களைச் சொல்ல வையுங்கள், அந்தப் பக்கத்தை வெட்டி நாங்கள் கடையில் ஒட்டுகிறோம்.

டீக்கடை வைத்திருக்கும் அண்ணன் தம்பிகளுக்கு: வியாபாரம் குறையுமோ என்ற பயம் எனக்கும் இருந்தது. நானூற்றைம்பது டீ இன்றைக்கும் நானூற்றைம்பதுதான். தென்காசி சாலை வழியாக வந்தால், சிலேட்டு மாட்டியிருக்கும் கடையில் நின்று ஒரு டீ குடித்துப் பாருங்கள். உங்கள் சீனிக் கரண்டியையும் கொண்டு வாருங்கள், மளிகைக் கடைத் தராசு பக்கத்திலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
டீக்கடைக்காரர்,
ராஜபாளையம்.