கோடு நகர்ந்திருந்தது

இந்து நகர், ஊட்டி
ஜனவரி 8

அன்பு மகள் தேன்மொழிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் பனிக்காலத்தில் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கிறது. தலைகுந்தாவில் மூன்று நாளாகப் புல்லெல்லாம் வெள்ளையாகிக் கிடக்கிறது என்று பால்காரர் சொன்னார். நம் வாசலில் இருந்த வாளித் தண்ணீரிலும் இன்று காலை மெல்லிசாக ஏடு கட்டியிருந்தது. நீ நட்ட மேரக்காய்க் கொடி கருகிவிட்டது. வேர் இருக்கிறது, மழைக்குத் தளிர்க்கும்.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ "சாப்பிட்டேன்பா, நல்லா இருக்கேன்பா, வைக்கிறேன்பா" என்று மூன்றே சொல்லில் முடித்துவிடுகிறாய். கடிதம் என்றால் கடைசி வரி வரைக்கும் படிப்பாய் அல்லவா?

போன பொங்கலுக்கு வந்தபோது டிவியில் படம் பார்க்கிற செயலிகளைப் போட்டுக் கொடுத்தாயே, அதில்தான் தினமும் இரவு ஒரு படம் பார்க்கிறோம். ஏழரைக்குச் சாப்பாட்டை முடித்துவிட்டு, கணப்புச் சட்டியைக் கால்மாட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பத்து மணிக்கு எழுந்திருப்போம். உனக்குப் பயந்து பெயர்ப் பட்டியல் முடியும் வரை அணைப்பதில்லை. ஏழாம் வகுப்பில் படிக்கும்போதே, ஒளிப்பதிவு யார், படத்தொகுப்பு யார் என்று சத்தம் போட்டுப் படிப்பாய். வெளிச்சத்தைப் பிடித்துவைக்கிற சுருளைச் செய்கிற ஆலையில் வேலை பார்த்தவன் நான். எனக்குத் தெரியாத பெயரெல்லாம் உனக்குத் தெரிந்திருந்தது. அதை எங்கள் எச்.பி.எஃப். ஆலையில் எத்தனை பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன் தெரியுமா!

போன வாரம் 'டூரிஸ்ட் ஃபேமிலி' பார்த்தோம். 2025இல் வந்த படம். இலங்கையிலிருந்து தப்பி வந்து சென்னையில் ஒரு காலனியில் யாருக்கும் தெரியாமல் தங்குகிற குடும்பம். சசிகுமாரும் சிம்ரனும் நன்றாக நடித்திருக்கிறார்கள், சின்னப் பையன் அவர்களையும் மிஞ்சிவிட்டான். காலனியில் அத்தனை பேரும் அவ்வளவு சீக்கிரம் நல்லவர்களாகிவிடுவதுதான் எனக்கு ஒட்டவில்லை. அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "நிஜத்தில் ஆவதில்லை, அதனால்தானே படத்தில் காட்டுகிறார்கள்" என்றாள். சரியாகத்தான் சொல்கிறாள். அதே காலனியில் பக்கத்து வீட்டில் இருப்பவர் யார் என்றுகூடத் தெரியாமல் ஆட்கள் இருக்கிறார்கள். உன் அடுக்ககத்தில் எதிர் வீட்டில் யார் இருக்கிறார்கள்? அவசரத்துக்குக் கதவைத் தட்டினால் திறப்பார்களா? ஒருமுறை கேட்டேன், நீ பதில் சொல்லவில்லை.

'மகாராஜா'வை அம்மா பாதியில் விட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் முழுவதும் பார்த்தேன். குப்பைத் தொட்டியைக் காணோம் என்று புகார் கொடுக்க வந்த மனிதனை நம்பாமல் சிரிக்கிற இடத்தில் நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். கதையை முன்னும் பின்னுமாகக் கலைத்துப் போட்டு, கடைசியில் அவன் எதைத் தேடி வந்தான் என்று தெரியும்போது என் சிரிப்பே எனக்குக் குற்றமாகத் தோன்றியது. கெட்டிக்காரத்தனமான படம். ரத்தம் அதிகம். ஆனால் பெண்ணைப் பெற்றவன் தனியாக உட்கார்ந்து பார்க்கக் கூடாது. அன்று இரவு இரண்டு முறை எழுந்து உனக்குச் செய்தி அனுப்பலாமா என்று போனை எடுத்தேன். தூங்கிக்கொண்டிருப்பாய் என்று வைத்துவிட்டேன்.

தூங்கிக்கொண்டிருந்தாயா? நேரத்துக்குத் தூங்கு கண்ணு. வேலை இன்றைக்கும் இருக்கும், நாளைக்கும் இருக்கும்.

'எலிபன்ட் விஸ்பரர்ஸ்' மூன்றாவது முறையாகப் போட்டோம். அம்மாவுக்குத் தெப்பக்காடு யானை முகாம் என்றாலே போதும். 40 நிமிடப் படம், நம் ஊட்டிப் பெண் கார்த்திகி எடுத்தது, 2023இல் ஆஸ்கர் வாங்கியது. பார்க்க வருகிற எல்லோரையும் உட்காரவைத்து அம்மா இதையே சொல்கிறாள். பொம்மனும் பெள்ளியும் பிள்ளையாக வளர்த்த யானைக்குட்டி ரகுவை வேறொருவர் பொறுப்பில் கொடுக்க அழைத்துப்போகிற இடம் வரும். "வளர்த்தவள் மனசை யாராவது கேட்டார்களா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள். இந்த முறை அவள் ஒன்றும் கேட்கவில்லை. மேசைமேல் இருந்த போனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் கணப்பைக் கிளறிவிட்டேன்.

'மூன்றாம் பிறை' பற்றிச் சொல்லவே வேண்டாம். கேத்தி ஸ்டேஷனில் கமல் தலையில் பானையை வைத்துக்கொண்டு தடுமாறும்போது உன் பெரியப்பா சொல்கிற கதை உனக்கு மனப்பாடம். 1982இல் பார்த்தபோது அவனுக்காக அழுதேன். கமலுக்கும் பாலு மகேந்திராவுக்கும் தேசிய விருது வந்தபோது நம் கேத்திக்கே வந்ததுபோல் இருந்தது. இந்த வயதில் பார்க்கும்போது ரயிலுக்குள் இருக்கிற பெண்ணைத்தான் பார்க்கிறேன். பக்கத்தில் தாய் தகப்பன் இருக்கிறார்கள், குணமாகிவிட்டாள், வீட்டுக்குப் போகிறாள், எல்லாம் சரியாகிவிட்டது என்று அவர்கள் நினைக்கிறார்கள். மகள் என்ன பாடுபட்டு வந்தாள் என்று அவர்களுக்கு முழுவதும் தெரியாது. ரயில் கிளம்பிவிடுகிறது. பெற்றவர்கள் சந்தோஷமாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

நான் இதையெல்லாம் எழுதிக்கொண்டே போகிறேன், நீயும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். உனக்கும் எங்களுக்கும் ஒரே கணக்குதானே, டிவியில் உன் பெயர் போட்ட கட்டத்தை அழுத்தித்தான் நாங்கள் படம் பார்க்கிறோம். வேறு கட்டம் போடத் தெரியவில்லை, தெரிந்தாலும் போட்டிருக்க மாட்டோம். பாதியில் விட்ட படங்களெல்லாம் முதல் வரிசையில் நிற்கும், ஒவ்வொன்றின் கீழும் எதுவரை பார்த்தது என்று காட்ட ஒரு சிவப்புக் கோடு. எங்கள் கோடு எது, உன் கோடு எது என்று எனக்குத் தெரியும். ஐப்பசியிலிருந்து, நீ தீபாவளிக்கு வந்து போனதிலிருந்து, உன் கோடுகள் ராத்திரியில் நகர்கின்றன. பத்து மணிக்கு அணைக்கும்போது ஒரு விரல் அகலம் இருப்பது, காலை ஐந்தரைக்குச் செய்தி பார்க்கப் போட்டால் நாலு விரலாகி இருக்கும். ஆள்காட்டி விரலைத் திரையில் வைத்துத்தான் அளக்கிறேன். அம்மா கண்ணாடியைத் துடைத்துவிட்டு, இது யார் கைரேகை என்று கேட்கிறாள்.

தீபாவளிக்குத் தனியாக வந்தாய். மாப்பிள்ளைக்கு வேலை என்றாய். நாங்கள் கேட்கவில்லை. அவர் வேலை அப்படி. முகம் வாடியிருந்தது என்று அம்மா சொன்னாள், பயணக் களைப்பு என்று நான் சொன்னேன். இராத்திரி கண் விழிக்காதே. படம் எங்கே ஓடிவிடப் போகிறது? நேரத்துக்குத் தூங்கு. சூடாக ஏதாவது சாப்பிடு. வெளியில் வாங்கிச் சாப்பிடுவதைக் குறைத்துக்கொள். இதைப் போனிலும் சொன்னேன், மறுபடியும் சொல்கிறேன், நேரத்துக்குத் தூங்கு.

அந்த வரிசையில் ஒரு படம் மட்டும் போகவே மாட்டேன் என்கிறது. 'மெய்யழகன்'. நாங்கள் மார்ச் மாதமே பார்த்து முடித்த படம். முடித்த படம் அங்கே நிற்காதே என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. முதலில் கொஞ்சம் நகர்ந்திருந்தது, அடுத்த நாள் பாதி, அதற்கடுத்து ஏறக்குறைய முழுவதும். கடைசிக்கு அரை விரல் இருக்கும்போது நின்றுவிட்டது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் மறுபடி தொடக்கத்திலிருந்து, மறுபடி அதே அரை விரலில். நாலு தடவை அப்படி.

போன செவ்வாய்க்கிழமை அம்மா எழுந்திருக்கும் முன் போட்டுப் பார்த்தேன். நீ நிறுத்துகிற இடம் அரவிந்த்சாமி போனைக் கையில் எடுக்கிற இடம். அதற்கப்புறம் கோட்டை மெல்லப் பின்னால் தள்ளி அதே இடத்தில் வைத்தேன். இரண்டு மூன்று முறை தவறி, ரொம்ப நேரமாயிற்று. நீ கண்டுபிடித்துவிடுவாயோ என்று கை நடுங்கியது.

அந்தப் படம் நீளம் என்று சொல்லி, வெளியான பிறகு 18 நிமிடம் வெட்டினார்களாம். எனக்கு நீளமாகத் தெரியவில்லை. இரண்டு பேர் விடிய விடியப் பேசுகிறார்கள், பேச வேண்டியது இருக்கிறது, பேசுகிறார்கள். தன்மேல் உயிரையே வைத்திருக்கிறவனின் பெயர்கூட நினைவில்லை என்று ஒருவன் கூசிப்போய், சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பி வந்துவிடுகிறான். பிறகு தாங்க முடியாமல் போன் செய்து, "உன் பெயரே எனக்குத் தெரியாது" என்று ஒப்புக்கொள்கிறான்.

அந்த இடத்தில்தான் மார்ச் மாதம் உன் போன் வந்தது.

"அப்பா, உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்" என்றாய். "மெய்யழகன் பார்க்கிறோம் கண்ணு, கடைசிக் கட்டம், பத்தே நிமிடம், நானே கூப்பிடுகிறேன்" என்றேன். நீ "சரிப்பா" என்றாய். படம் முடிந்தது. நானும் அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அரை மணி நேரம் அதையே பேசிக்கொண்டிருந்தோம், கார்த்தி எப்படி நடித்திருக்கிறார் என்று. யார் போன் செய்தது என்று அம்மா கேட்டாள். ஏதோ விளம்பரக்காரர்கள் என்று சொன்னேன். இன்று வரை அவளுக்குத் தெரியாது. அன்று இரவு நான் கூப்பிடவில்லை. மறுநாளும் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பேசியபோது என்ன விஷயம் என்று கேட்டேன். "ஒன்றுமில்லைப்பா, மறந்துவிட்டது" என்றாய். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மறந்துபோய்க் கூப்பிடாமல் இருந்தேன் என்று எழுதினால் அது பொய். உன் குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. சிறு வயதில் காய்ச்சலை மறைக்கும்போது வருகிற குரல். தெரிந்ததால்தான் படத்தைப் பிடித்துக்கொண்டேன். நீ சொல்லிவிட்டால் நான் ஏதாவது செய்தாக வேண்டும். மாப்பிள்ளை வீட்டாரிடம் பேச வேண்டும், ஊரில் நாலு பேருக்குப் பதில் சொல்ல வேண்டும், அம்மாவைத் தேற்ற வேண்டும். பத்து நிமிடம் தள்ளிப்போட்டால் நீயே சமாளித்துக்கொள்வாய் என்று நினைத்தேன். நீ எல்லாவற்றையும் சமாளிப்பவள் என்று எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி, அதை உன் தலையிலேயே கட்டிவிட்டேன்.

பூச்சுப் பிரிவில் 27 வருடம் இருட்டில் வேலை பார்த்தேன். ஒரு பொட்டு வெளிச்சம் பட்டால் அத்தனை மீட்டர் சுருளும் பாழ். எதிரே வருகிறவர் முகம் தெரியாது, கை தெரியாது. அதனால் நடக்கும்போது "வருகிறேன், வருகிறேன்" என்று குரல் கொடுத்துக்கொண்டே நடப்போம். ஒருவர் குரல் கொடுத்தால் மற்றவர் நின்று பதில் குரல் கொடுத்தாக வேண்டும், முதல் நாளே சொல்லித்தருவது அது. நீ குரல் கொடுத்தாய். நான் சத்தமில்லாமல் சுவரோடு ஒட்டி நின்றுவிட்டேன்.

என்ன இருந்தது அந்தப் பத்து நிமிடத்தில் என்று பார்க்கத்தான் மறுபடி மறுபடி அந்தப் படத்தைப் போடுகிறாயா?

நீ எதையும் சொல்லியாக வேண்டும் என்று கேட்கவில்லை. மாப்பிள்ளையைப் பற்றி நானாக ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். இனி இரவு ஒன்பது மணிக்கு மேல் டிவி போடுவதில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன், கண் எரிகிறது என்று காரணம் சொன்னேன். போன் என் தலையணைப் பக்கத்தில்தான் இருக்கும். இரண்டு மணி என்றாலும் எடுப்பேன். பேசத் தோன்றாவிட்டால் சும்மா கூப்பிட்டுவிட்டு இரு, நானும் சும்மா இருக்கிறேன்.

வரவேண்டும் என்று தோன்றினால் யாரிடமும் கேட்காமல் வா. நீலகிரி எக்ஸ்பிரசில் ஏறினால் விடியும்போது மேட்டுப்பாளையம். நான் முதல் நாளே இறங்கி வந்து ஸ்டேஷனில் நிற்பேன். எத்தனை நாள் என்று கேட்க மாட்டேன். உன் அறையில் அடுக்கியிருந்த உருளைக்கிழங்கு மூட்டைகளை நேற்று எடுத்துப் பின்கட்டில் போட்டாயிற்று. சுவரில் ஈரம் இருந்தது, இரண்டு நாள் கணப்பு வைத்துக் காயவிட்டேன். எதற்கு என்று அம்மா கேட்டாள், பதில் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்து, விளம்பரக்காரர்கள் இல்லை என்று அவளிடம் சொல்லப்போகிறேன்.

ஒரு கிலோ வர்க்கியும் கம்பளிச் சாலும் தனியே பார்சலில் வருகின்றன. வர்க்கியைக் காற்றுப் புகாத டப்பாவில் போடு, உன் ஊர் ஈரத்துக்கு இரண்டே நாளில் நமுத்துவிடும்.

அன்புடன்,
அப்பா