நானோ துகளின் புரத உறையைப் பேசாமல் விடலாகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் நானோ மருந்துகள் குறித்து வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். புற்றுநோய்க் கட்டியைத் தேடிச் செல்லும் வகையில் நானோ துகளின் மேற்பரப்பில் தகுந்த மூலக்கூறுகளைப் பொருத்தி அனுப்பலாம் என்பதை அது தெளிவாக விளக்கியிருந்தது. ஆனால், ஆய்வகத்தில் செய்யப்பட்ட துகள் அதே மேற்பரப்போடு செல்லைச் சென்றடைகிறது என்ற எண்ணம் படிப்பவர் மனத்தில் பதிந்துவிடுகிறது. உண்மையில் இரத்தத்தில் புகுந்ததும் புரதங்கள் துகளை உறைபோல் மூடிவிடுகின்றன. இத்துறையின் பெரிய சிக்கல்களுள் ஒன்று அந்த இடத்தில்தான் இருக்கிறது என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பொதுவாக 1 முதல் 100 நானோமீட்டர் வரை அளவுள்ள துகள்களையே நானோ துகள்கள் என்கிறோம். அளவு குறையக் குறைய, எடைக்கு நேரான மேற்பரப்பு பெருகிக்கொண்டே போகும். 10 நானோமீட்டர் குறுக்களவுள்ள உருண்டைகளாக ஒரு கிராம் தங்கத்தைப் பிரித்தால், அவற்றின் மொத்த மேற்பரப்பு 30 சதுர மீட்டரைத் தாண்டும். இத்தகைய மேற்பரப்பு இரத்தத்தில் வெறுமையாக இருக்க வழியில்லை. இரத்தத்தின் நீர்மப் பகுதியான பிளாஸ்மாவின் ஒரு லிட்டரில் ஆல்புமின் என்ற புரதம் மட்டுமே 35 முதல் 50 கிராம் வரை இருக்கிறது. அதனுடன் ஆயிரக்கணக்கான வகைப் புரதங்களும் கொழுப்புகளும் கலந்திருக்கின்றன. துகள் உள்ளே சென்ற சில நொடிகளிலேயே இவை அதன்மேல் படியத் தொடங்கிவிடுகின்றன. ஆய்வாளர்கள் கென்னத் டாசன், சாரா லின்சே ஆகியோரின் குழுக்கள் 2007ஆம் ஆண்டு இந்த உறையைப் புரத மகுடம் என்ற பெயரில் விரிவாக எடுத்துரைத்தன. இறுகப் பற்றிய உள்ளடுக்கு ஒன்றும், வந்து போய்க்கொண்டிருக்கும் வெளியடுக்கு ஒன்றுமாக அது அமைகிறது. வந்து சேரும் பொருளை அடையாளம் காணும் செல்லின் மேற்பரப்பு மூலக்கூறுகளான ஏற்பிகள் முதலில் எதிர்கொள்வது பெரும்பாலும் இந்தப் புரதங்களைத்தான்.

இது கண்ணால் பார்க்கக்கூடிய செய்தியும்கூட. சிட்ரேட் கொண்டு தயாரித்த தங்கக் கூழ்மம், அதாவது தங்க நானோ துகள்கள் பரவி மிதக்கும் நீர், நல்ல சிவப்பு நிறத்தில் இருக்கும்; அதில் உப்புக் கரைசலைச் சேர்த்தால், துகள்களுக்கிடையே இருந்த மின் விலக்கம் தணிந்து அவை ஒன்றோடொன்று ஒட்ட, கரைசல் ஊதாவாகி நீலமாக மாறும். உப்புக்கு முன்பே போதிய அளவு புரதத்தைக் கலந்துவிட்டால், அதே உப்பைச் சேர்த்த பிறகும் சிவப்பு மாறாமல் நிற்கும். புரதம் ஒவ்வொரு துகளையும் மூடிக் காத்துவிடுகிறது. 1925ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசைப் பெற்ற ரிச்சர்டு சிக்மாண்டி, இந்த நிறமாற்றத்தைக் கொண்டே புரதங்களின் காக்கும் ஆற்றலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அளந்தார். அத்தனை பழைய அறிவு இன்றைய நானோ மருந்துச் செய்திகளில் இடம்பெறாமல் போவது வருத்தமளிக்கிறது.

எந்தப் புரதம் ஒட்டும் என்பதைத் துகளின் மின்னூட்டம், நீரை வெறுக்கும் தன்மை, வளைவு ஆகியவை சேர்ந்து முடிவு செய்கின்றன. எண்ணிக்கையில் மிகுந்த ஆல்புமின் முதலில் வந்து அமர, பின்னர் அதைவிட வலுவாகப் பற்றும் புரதங்கள் அதனை இடம்பெயர்க்கின்றன. இரத்தவியல் ஆய்வாளர் லியோ வ்ரோமன் 1960களிலேயே கண்ணாடி போன்ற பரப்புகளில் இதைக் கவனித்தார். இதைவிடக் கவலைக்குரியது, ஒட்டிய புரதத்தின் வடிவம் குலைவது. பாலிஅக்ரிலிக் அமிலம் பூசிய தங்கத் துகள்களில் படியும் ஃபைப்ரினோஜன் என்ற இரத்த உறைவுப் புரதத்தின் மடிப்பு விரிந்து, உள்ளே மறைந்திருந்த பகுதி வெளிப்பட்டு, நோய் எதிர்ப்பு செல்களின் ஏற்பியைத் தூண்டி அழற்சியைக் கிளப்பக்கூடும் என்று 2011இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் ஃபைப்ரினோஜனைப் பற்றிய எல்லாத் துகள்களும் அவ்வாறு செய்யவில்லை. ஆகவே, எந்தப் புரதம் ஒட்டியது என்பதோடு அது எந்த நிலையில் ஒட்டியது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

இலக்கு தேடும் துகள்களுக்கு வருகிறேன். டிரான்ஸ்ஃபெரின் என்ற இரத்தப் புரதத்தைப் பொருத்திய சிலிக்கா துகள்கள், சீரம் (இரத்தம் உறைந்தபின் பிரியும் புரதம் நிறைந்த நீர்மம்) இல்லாத செல் வளர்ப்பு ஊடகத்தில் தமக்குரிய ஏற்பியைச் சரியாக அடையாளம் கண்டன. சீரம் சேர்ந்ததும் அந்தத் தேர்ந்து பிடிக்கும் திறன் மறைந்தது என்று 2013இல் வெளியான ஆய்வு கூறுகிறது. துகள்கள் செல்லுக்குள் நுழைவது நிற்கவில்லை; குறி மட்டும் தவறியது. பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளிவந்த மதிப்பீடு, செலுத்திய நானோ துகள்களில் கட்டியைச் சென்றடைவது இடைநிலை மதிப்பாக 0.7 விழுக்காடே என்று கணக்கிட்டது. அதற்குப் புரத உறையை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது என்றாலும், கல்லீரலிலும் மண்ணீரலிலும் உள்ள விழுங்கு செல்கள் துகள்களை அடையாளம் காண்பதில் அதற்குப் பெரும் பங்குண்டு.

இதனால் நானோ மருத்துவமே பயனற்றது என்று நான் சொல்ல வரவில்லை. 2018இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பாட்டிசிரான் என்ற மருந்தின் கொழுப்புத் துகள்கள், இரத்தத்தில் உள்ள அப்போலிப்போபுரதம் ஈ என்ற கொழுப்பைச் சுமக்கும் புரதத்தைத் தம்மேல் ஏற்றுக்கொண்டு, அதன் துணையாலேயே கல்லீரல் செல்களுக்குள் நுழைகின்றன. உறையை எதிர்பார்த்தே வடிவமைத்தால் அது மருந்துக்கு வழிகாட்டியாகிறது. இந்த அழகான செய்தி கட்டுரையில் இடம்பெற்றிருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

செல் வளர்ப்புச் சோதனைகளில் பெரும்பாலும் 10 விழுக்காடு மாட்டின் கருவிலிருந்து எடுத்த சீரமே சேர்க்கப்படுகிறது. மனித இரத்தத்திலோ கனஅளவில் ஏறத்தாழ 55 விழுக்காடு பிளாஸ்மா. இவ்விரண்டிலும் துகள்மேல் உருவாகும் உறை ஒன்றாக இருப்பதில்லை. நோயாளியின் உடல்நிலையைப் பொறுத்தும் அது மாறும். இத்தகைய விவரங்களை ஆய்வறிக்கைகளில் கட்டாயம் பதிய வேண்டும் என்று கோரும் குறைந்தபட்ச விதிமுறைகளை இத்துறை ஆய்வாளர்கள் 2018இல் முன்வைத்தனர். ஆகவே, நானோ மருந்து ஒன்று வெற்றி பெற்றதாகச் செய்தி வெளியிடும்போது, அது சீரம் இல்லாத ஊடகத்தில் சோதிக்கப்பட்டதா, விலங்குச் சீரத்திலா, முழு மனித பிளாஸ்மாவிலா, உயிருள்ள விலங்கின் உடலிலா என்பதை ஒரு வரியிலேனும் சேர்க்குமாறு தங்களைப் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அறிவியல் பக்கத்தின் நெடுநாள் வாசகர்