பெயர் வைத்தவனுக்கு ஒரு கடிதம்

ரென்டன், வாஷிங்டன் மாநிலம்
22 பிப்ரவரி 2026

அன்புள்ள சுப்பு,

தீபாவளிக்கு நீ எழுதிய கடிதத்துக்குப் பொங்கல் கழிந்தும் பதில் போடவில்லை. கோபமாக இருப்பாய், நியாயம்தான். மங்கை மாடிப்படி ஏறுகிறாளா? முழங்கால் வலிக்காரிக்கு மூன்றாம் மாடி வேண்டாம், கீழ்வீடு பார் என்று எத்தனை முறை சொன்னேன்? ஊருக்கெல்லாம் ஆலோசனை சொல்வாய், உன் வீட்டுக்கு ஒருவர் சொன்னால் காதில் ஏறாது. ராமசாமிக்குப் பேரன் பிறந்ததை அறிந்தோம். மூக்கைப் பற்றி நீ எழுதியிருந்ததைச் சாவித்திரிக்குப் படித்துக் காட்டினேன். சமையலறையில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். சைக்கிள் செயின் விவகாரத்தை நீ மறுபடி கிளப்பியிருக்கிறாய். அதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பெண் கயல் தேர்தலில் நிற்கப் போகிறாள். நீதிபதி தேர்தலில்.

இதைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்திருப்பாய், எனக்குத் தெரியும். நாற்பது வருடம் கோர்ட்டில் நின்றவனுக்கு நீதிபதி ஓட்டுக் கேட்பது என்பதே தொண்டையில் இறங்காது. ஆனால் நீதிபதிகளே நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் அந்தக் கொலீஜியத்தைத் திட்டி ஒவ்வொரு கடிதத்திலும் இரண்டு பக்கம் எழுதுகிறவனும் நீதான். உள்ளே யார் என்ன பேசினார்கள், ஒருவரை ஏன் எடுத்தார்கள், இன்னொருவரை ஏன் விட்டார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை என்பாய். இங்கே கதவு மறுபக்கமாகத் திறந்து கிடக்கிறது. மாநில உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும், சியாட்டில், டகோமா, ஸ்போகேன் என்று மூன்று பிரிவாக இருக்கும் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் நீதிபதிகளும் ஆறு வருடத்துக்கு ஒருமுறை மக்களிடம் வந்து நிற்க வேண்டும். கட்சிப் பெயர் கிடையாது. சின்னம் கிடையாது. வாக்குச்சீட்டில் வெறும் பெயர் மட்டும் இருக்கும்.

மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குச் சட்டம் கேட்கிற தகுதி எவ்வளவு தெரியுமா? இந்த மாநிலத்தில் ஐந்து வருடம் வக்கீலாக இருந்திருக்க வேண்டும், அந்தப் பகுதியில் ஒரு வருடம் குடியிருந்திருக்க வேண்டும். நல்ல வக்கீலா, பொறுமை உள்ளவரா, ஏழையையும் பணக்காரனையும் ஒரே முகத்தோடு பார்க்கிறவரா என்று சட்டம் கேட்பதில்லை. அதைக் கேட்கும் வேலையை வழக்கறிஞர் சங்கங்கள் தாங்களாகவே எடுத்துக்கொண்டிருக்கின்றன. சியாட்டில் அடங்கிய கிங் கவுண்டியின் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) வழக்கறிஞர் சங்கம் உண்டு, பெண் வக்கீல்களின் சங்கம் உண்டு, லத்தீன் அமெரிக்க வக்கீல்களின் சங்கம் உண்டு, தெற்காசிய வக்கீல்களும் மற்ற ஆசிய வக்கீல்களும் சேர்ந்து நடத்தும் ஒரு கூட்டுக் குழுவும் உண்டு. வேட்பாளரைத் தனித்தனியாக அழைத்துப் பேசி மதிப்பிடுகிறார்கள். கிங் கவுண்டி சங்கம் நான்கு படி வைத்திருக்கிறது: மிகச் சிறந்த தகுதி, நல்ல தகுதி, தகுதி, தகுதியில்லை. காலியிடத்துக்கு ஆளுநர் ஒருவரை நியமிக்கும்போதும் இந்த மதிப்பீடுகளைக் கேட்டு வாங்குகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த மதிப்பீட்டுக்கான படிவத்தை எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்துத்தான் கயல் நிரப்பினாள். பக்கம் பக்கமாகக் கேள்விகள். நடத்திய முக்கிய வழக்குகள், எழுதிய மனுக்களின் நகல், எப்போதாவது ஒழுங்கு நடவடிக்கை உண்டா, யார் முன்பெல்லாம் வாதாடியிருக்கிறாய். ஒரு கேள்வியில் அவள் பேனாவை நிறுத்தினாள். அண்மையில் நடத்திய வழக்குகளில் உன்னை எதிர்த்து நின்ற வக்கீல்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் கொடு என்கிறது படிவம். குழுவில் இருப்பவர்கள் அவர்களைக் கூப்பிட்டு, இவள் எப்படிப்பட்டவள் என்று விசாரிப்பார்களாம். சொன்னது யார், என்ன சொன்னார் என்பது வெளியே வராது.

அவள் எழுதிய இரண்டாவது பெயரைப் பார்த்துவிட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சென்ற ஆண்டு கோர்ட் வராந்தாவில் அவளிடம் குரல் உயர்த்திப் பேசிய அரசு வக்கீல் அவர். அன்று இரவு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தாள். "அவர் பெயரை ஏன் எழுதுகிறாய்?" என்றேன். "வரிசைப்படி கேட்கிறார்கள் அப்பா. வேண்டியவர்களைப் பொறுக்கி எழுதச் சொல்லவில்லை," என்றாள். பக்கத்தில் சாவித்திரி வைத்த மோர்க்குழம்பு ஆறிப் போயிருந்தது. நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடுத்த எண்ணைத் தேடி எழுதினாள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருக்கிறது. நீயும் இதைத்தான் கேட்பாய். பதினெட்டு வருடமாக அவள் செய்வது பணமில்லாத குற்றவாளிகளுக்கு மேல்முறையீடு நடத்தும் வேலை. ஆகவே அவளை எதிர்த்து நின்றவர்கள் எல்லோருமே அரசு வக்கீல்கள். சங்கத்திலிருந்து போகும் ஒவ்வொரு தொலைபேசி அழைப்பும் அவர்களுக்குத்தான். சிறையில் இருக்கும் அவளுடைய கட்சிக்காரர்களை ஒருவரும் கூப்பிட்டுக் கேட்கப் போவதில்லை. நாளைக்கு நீதிபதியாக வரக்கூடியவரைப் பற்றி வாய் திறக்க இளம் வக்கீல்களுக்குப் பயமும் இருக்கும். இதெல்லாம் இந்த ஏற்பாட்டில் உள்ள குறை. மறைக்க மாட்டேன். ஆனாலும் அவளுடைய மனுக்களை வரி வரியாகப் படித்து, எதிராளியிடமே அபிப்பிராயம் கேட்டு, நேரில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டுப் பார்க்கிறவர்கள் இந்தத் தேர்தலில் வேறு யாரும் இல்லை. சம்பளம் வாங்காமல், வேலை முடித்து வந்த மாலைகளில் இதைச் செய்கிறார்கள். நான் அவர்களை மதிக்கிறேன்.

இதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு உண்டா என்று நீ கேட்கலாம். 2012 ஆகஸ்ட் மாதத்தை உனக்குச் சொன்னதில்லை. குடியுரிமை வாங்கிய பிறகு நான் போட்ட முதல் சில ஓட்டுகளில் அது ஒன்று. இங்கே ஓட்டு தபாலில் வீட்டுக்கு வரும். முட்டை வடிவ வட்டத்தைக் கறுப்பு மையால் நிரப்பி, உறையின்மேல் கையெழுத்துப் போட்டு, தபாலிலோ தெருப்பெட்டியிலோ போட்டுவிடலாம். சீட்டில் கீழே உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. ஸ்டீவன் கொன்சாலெஸ், புரூஸ் டேனியல்சன். இருவரையும் எனக்குத் தெரியாது. வட்டத்தை வெறுமையாக விட்டேன். தெரியாமல் ஓட்டுப் போடுவதைவிட அது நேர்மை என்று நினைத்தேன்.

கொன்சாலெஸ் அப்போதே உச்ச நீதிமன்ற நீதிபதி. ஆளுநர் நியமித்து, அந்த ஆண்டு ஜனவரியில் பதவியேற்றிருந்தார். அதற்கு முன் பத்து வருடம் கிங் கவுண்டியில் விசாரணை நீதிபதி. அதற்கும் முன், அல்ஜீரியாக்காரர் ஒருவர் வெடிமருந்தோடு எல்லையில் பிடிபட்ட அந்தப் பெரிய பயங்கரவாத வழக்கில் அரசுத் தரப்பு வக்கீல்களில் ஒருவர். பல வழக்கறிஞர் சங்கங்கள் அவருக்கு ஆக உயர்ந்த மதிப்பீட்டைக் கொடுத்திருந்தன. எதிர்த்து நின்றவர் பிரசாரமே செய்யவில்லை, நன்கொடையும் திரட்டவில்லை. அந்த முதற்கட்டத் தேர்தலுக்கு மாநிலம் முழுவதற்குமான வாக்காளர் கையேடும் அச்சாகவில்லை. மாநிலத்தின் நடுவே ஓடும் காஸ்கேட் மலைக்குக் கிழக்கே பல வீடுகளில் வாக்குச்சீட்டில் உள்ள இரண்டு பெயர்களைத் தவிர வேறு தகவலே இல்லை. கொன்சாலெஸ் மொத்தத்தில் ஜெயித்தார். ஆனால் ஏறக்குறைய பத்தில் நான்கு ஓட்டு, வெளியே தலையே காட்டாத அந்த மனிதருக்குப் போனது. கிழக்கே கவுண்டி கவுண்டியாகக் கொன்சாலெஸ் தோற்றார். ஆப்பிள் தோட்டங்களில் வேலை செய்யும் மெக்ஸிகோ வம்சத்தார் நிறைந்த யாக்கிமாவிலும் தோற்றார். பிறகு அவரே 2021இல் தலைமை நீதிபதியானார் என்பது எனக்கு ஆறுதல். ஆனால் அந்த வெறும் வட்டம் என்னுடையது, சுப்பு. சங்கங்களின் மதிப்பீட்டைத் தேடிப் படிக்க எனக்குப் பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

இதைக் கயலிடம் சொன்னபோது அவள் வேறொரு கதையைச் சொன்னாள். 1990இல் இதே மாநிலத்தில் கீத் கேலோ என்ற தலைமை நீதிபதியை, கிக் ஹார்பர் என்ற சிற்றூரைச் சேர்ந்த சார்லஸ் ஜான்சன் என்ற வக்கீல் தோற்கடித்தார். அவரை அப்போது மாநிலத்தில் அநேகமாக யாருக்கும் தெரியாது. பிரசாரம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. கேலோ என்பது காதுக்குப் புதிய பெயர். ஜான்சன் என்பது தெருவுக்கு ஒருவர் வைத்திருக்கும் பெயர். வேறு காரணத்தை இன்றுவரை யாரும் உருப்படியாகச் சொன்னதில்லை. அந்த ஜான்சன் பிறகு ஒவ்வொரு ஆறு வருடமும் மறுபடி தேர்வாகி, முப்பது ஆண்டுகளைக் கடந்தும் அந்த மன்றத்தில் இருந்தார். மரியாதைக்குரிய நீதிபதி என்றுதான் பேர் எடுத்தார்.

இந்தக் கதை என்னை இரண்டு இரவு தூங்கவிடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு குத்திய ஓட்டிலும் நல்லவர் வந்துவிட்டாரே, பின்னே எதற்கு இத்தனை படிவமும் தொலைபேசி விசாரணையும்? மூன்றாம் நாள் காலையில் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தபோது எனக்குள் ஒரு பதில் வந்தது. கீழ்க்கோர்ட்டில் தோற்றவனுக்கு மேல்முறையீடுதான் அநேகமாகக் கடைசி வாசல். உச்ச நீதிமன்றம் தான் விரும்பிய வழக்கை மட்டும் எடுக்கும். கயலின் கட்சிக்காரர்களில் பெரும்பாலோருக்கு மேல்முறையீட்டை விசாரிக்கும் மூன்று நீதிபதிகளுக்கு மேல் ஆள் கிடையாது. அந்த இடத்தில் உட்காருகிறவர் நல்லவராக அமைந்துவிட்டார் என்று பிற்பாடு சந்தோஷப்படுவது போதாது. முன்கூட்டியே ஒருவராவது பார்த்திருக்க வேண்டும். உனக்குச் சம்மதமா, இல்லையா? விரிவாக எழுது. சண்டை போட்டாலும் சரி.

சங்கம் நல்ல மதிப்பீடு கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் நம்பவில்லை. 2010இல் அயோவா மாநிலத்தில் நடந்ததைப் பார். முந்தைய ஆண்டு ஒருபால் திருமணத்தை அனுமதித்து ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்ன நீதிபதிகளில் மூவர் அந்த வருடம் மக்கள் முன் வந்தார்கள். வக்கீல்களின் கருத்துக்கணிப்பில் பெரும்பான்மையினர் மூவரும் நீடிக்கட்டும் என்றே சொல்லியிருந்தார்கள். மூவரையும் மக்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கயல் நாளைக்குச் சொல்லப்போகும் தீர்ப்புகள் எல்லோருக்கும் பிடிக்குமா? அவள் அதைப் பற்றிப் பேசவே மாட்டேன் என்கிறாள். வரப்போகும் வழக்குகளில் என்ன செய்வேன் என்று வேட்பாளர் வாக்குக் கொடுக்கக் கூடாது. தன் வாயால் நன்கொடைகூடக் கேட்கக் கூடாது, குழுதான் கேட்க வேண்டும். வேட்புமனுவோடு அந்தப் பதவியின் ஆண்டுச் சம்பளத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு கட்ட வேண்டும். அதைக் கட்டுகிற வேலை என்னுடையது என்று சொல்லிவிட்டேன். அதில் மட்டும் அவள் மறுக்கவில்லை.

இனி உன்னிடம் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன்.

தேர்தல் வேலையில் அனுபவமுள்ள ஒரு நண்பர் போன வாரம் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், கயலுக்கு வேண்டியவர். வாக்குச்சீட்டில் பழகிய பெயரைப் போட்டுக்கொள்ளலாம், அலுவலகத்தில் எல்லோரும் 'கே' என்றுதானே கூப்பிடுகிறார்கள், அதோடு மாப்பிள்ளையின் குடும்பப் பெயரையும் சேர்த்துக்கொண்டால் 'கே ஆண்டர்சன்' என்று வாய்க்கு எளிதாக இருக்கும் என்றார். அவள் நிற்பது கிங் கவுண்டி வாக்காளர்கள் மட்டும் ஓட்டுப்போடும் இடம், யாக்கிமாவுக்குப் போக வேண்டியதில்லை. ஆனாலும் இங்கேயும் சீட்டின் கடைசிவரை வந்து, அங்கே இரண்டு அறியாத பெயர்களைப் பார்க்கிறவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். 'கயல்விழி' என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் பத்து எழுத்து. நடுவில் அந்த 'ழ' வேறு. இங்கே அதைச் சரியாகச் சொன்ன ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை, மாப்பிள்ளை உட்பட. அவர் முயற்சி செய்கிறார், பாவம்.

நண்பர் போன பிறகு நான் கயலிடம், "அவர் சொல்வதைக் கேளம்மா," என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன். ஜான்சனும் கேலோவும் என் தலைக்குள் உட்கார்ந்திருந்தார்கள்.

அவள் கோபப்படவில்லை. மேசையிலிருந்த படிவத்தைத் திருப்பி என்னிடம் காட்டினாள். "இதில் இருக்கிற மனு எல்லாம் கயல்விழி நடராஜன் எழுதியது. அவர்கள் படிக்கப் போவது கயல்விழி நடராஜனை. கூப்பிட்டு விசாரிக்கப் போவது கயல்விழி நடராஜனைப் பற்றி. கடைசியில் தகுதி என்றோ இல்லை என்றோ அந்தப் பெயருக்கு எதிரே எழுதுவார்கள். வாக்குச்சீட்டில் வேறு ஒருத்தி இருந்தால், மதிப்பீட்டைத் தேடிப் படிக்கிற அந்தக் கொஞ்சம் பேர் என்னை எப்படி அப்பா கண்டுபிடிப்பார்கள்?" என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை. எழுந்து போய்க் குழம்பைச் சூடு பண்ணிக்கொண்டு வந்தேன்.

சுப்பு, அவளுக்கு அந்தப் பெயரை வைத்தவன் நீ. ஆஸ்பத்திரி வராந்தாவில் என் அம்மா ஒரு பெயரும் சாவித்திரியின் அண்ணன் ஒரு பெயருமாகச் சொல்லி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தபோது, கையில் கட்டோடு வந்து நின்று, மதுரையில் பிறந்த பெண்ணுக்கு மீனாட்சியின் பெயரையே தமிழில் வைத்துவிட்டுப் போங்களேன் என்றாய். இரண்டு பேரும் வாயடைத்துப் போனார்கள். அந்தக் கதையை நான் அவளுக்குச் சரியாகச் சொன்னதே இல்லை. மே மாதம் வேட்புமனு கொடுக்க வேண்டும். அதற்கு முன் நீ அவளுக்கு அதை உன் கையால் எழுதி அனுப்பு. தொலைபேசியில் வேண்டாம், உன் கையெழுத்து அவளுக்குப் பிடிக்கும். உறையின்மேல் பெயரை முழுதாக எழுது.

அன்புடன்,
நடராஜன்

பி.கு. மங்கையின் முழங்கால் எக்ஸ்ரேயைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேனே, என்ன ஆயிற்று? சாவித்திரி தினமும் கேட்கிறாள்.