வரைபடத்துக்கு ஒரு பூதக்கண்ணாடி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் புவியியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். நோய், மழை, தேர்தல் என எதற்கெடுத்தாலும் உங்கள் இணையதளத்தில் இப்போது வண்ண வரைபடம் வருகிறது. சந்தோஷம். ஆனால் பெரிதாக்கினால் சுற்றுவட்டாரம் காணாமல் போகிறது. சுருக்கினால் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று அப்பிக்கொள்கின்றன. நாலு தடவை போய்வருவதற்குள் எதைத் தேடினேன் என்பதே மறந்துவிடுகிறது. (வயசும் ஒரு காரணம்தான்.)

அட்லஸ் மேல் பூதக்கண்ணாடியை நகர்த்தும்போது இந்தத் தொல்லை இல்லை. கண்ணாடிக்குள் சிற்றாறு தெரியும். அது போய்ச் சேரும் பேராறு வெளியே அப்படியே இருக்கும். கணினித் திரைக்கும் இது புதிதல்ல. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் (PARC) ஆய்வகத்திலிருந்து 1993-லேயே 'மேஜிக் லென்ஸ்' வந்துவிட்டது. அந்த லென்ஸை எங்கே வைக்கிறோமோ அங்கே மட்டும் வேறு தகவலைக் காட்டலாம்.

எனக்கு ஆசை அதில்தான். பரப்பில் பெரிய மாவட்டம் அடர்சிவப்பாக இருந்தால் கண் நேரே அங்கே ஓடுகிறது. அங்கே பாதி வெறும் காடாகவும் இருக்கலாம். ஒரு வட்டத்தை அதன்மேல் கொண்டுபோய், உள்ளே மட்டும் மக்கள் நெருக்கத்தைக் காட்டினால் தெரிந்துவிடும்.

எண்ணிச் சொல்லும் வட்டமும் வேண்டும். 1854-ல் லண்டனில் காலரா வந்தபோது ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் வரைந்த படத்தில், இறப்புகள் வீடு வீடாகச் சின்னக் கோடுகளாக இருக்கும். வகுப்பில் அதைக் கொடுத்தேன். ஒரு மாணவி வளையலைக் கழற்றி, நோயைப் பரப்பியதாக அவர் கண்டறிந்த பிராட் தெரு அடிகுழாய் மேல் வைத்து, உள்ளே எத்தனை கோடு என்று எண்ண ஆரம்பித்தாள். அப்புறம் அதே வளையலை அடுத்த குழாய்க்கு நகர்த்தினாள். நான் சொல்லிக்கொடுத்ததல்ல!

மீன்கண் லென்ஸ் மட்டும் வேண்டாம். நடுவைப் பெருக்கி ஓரத்தை நசுக்கிவிடும். ரயில் தடப் படத்துக்குச் சரி, தூரம் பார்க்கிறவர்களுக்கு ஆகாது.

இன்னொன்று. கைப்பேசியில் வட்டத்தை நகர்த்தும் விரலே அதை மறைத்துவிடும். விரலுக்குச் சற்று மேலே வட்டம் நிற்கும்படி செய்யச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை