பொருள்: 'நியூஸ்' சொல் அட்டையைத் திருத்தவும், சந்தாப் பணத்தைத் திருப்பித் தரவும் கோருதல்

ஐயா / அம்மையீர்,

வணக்கம். ஆங்கிலச் சொற்களைக் கற்பிக்கும் உங்கள் செயலியில், சொல் அட்டையில் பிழை என்று புகார் பொத்தானை அழுத்தினால் மின்னஞ்சல் அனுப்பச் சொல்கிறீர்கள். மின்னஞ்சல் போட்டால் சாட்டுக்கு வா என்கிறீர்கள். சாட்டில் மறுபடி அதே பொத்தான். அலுத்துவிட்டது.

உங்கள் அட்டைப்படி, 'நியூஸ்' என்பது நார்த், ஈஸ்ட், வெஸ்ட், சவுத் நான்கின் முதலெழுத்துகளாம். தவறு. 'நியூ'வின் பன்மையாக, 'புதியவை' என்ற பொருளில் வந்த சொல் அது. பழைய எழுத்துகளில் கடைசி எஸ்ஸுக்கு முன் இன்னொரு 'ஈ' போட்டும் எழுதியிருக்கிறார்கள். அந்த 'ஈ' எந்தத் திசை? முதலெழுத்துகளைக் கோத்துச் சொல் ஆக்கும் வழக்கம் பரவியதே 20-ஆம் நூற்றாண்டில்; இந்தச் சொல்லோ 15-ஆம் நூற்றாண்டிலேயே புழக்கத்தில் இருந்தது.

இதைச் சொன்னதற்கு உங்கள் பிரதிநிதியின் பதில்: "நெட்ல எல்லாரும் இப்படித்தான் சார் போட்டிருக்காங்க. பிடிக்கலன்னா வேற ஆப் பாத்துக்குங்க." சொல்லிவிட்டுச் சாட்டை மூடினார். மூடிய கையோடு ஐந்து நட்சத்திரம் கேட்டு ஒரு செய்தி! காசு கொடுத்தவரிடம் பேசுகிற பேச்சா இது?

பயன்பாட்டுப் பகுதி அதைவிட மோசம். எஸ்ஸில் முடிந்தாலும் அது ஒருமை. 'நியூஸ் இஸ்' என்றுதான் வரும். எண்ண முடியாத பெயர்ச்சொல் என்பதால் 'எ நியூஸ்' கிடையாது, 'எ பீஸ் ஆஃப் நியூஸ்' உண்டு. உங்கள் வினாவோ 'நியூஸ் ஆர்' என்பதற்குப் பச்சை காட்டுகிறது. இதை நம்பிப் படித்தவர்களின் ஆங்கிலமே பாழ். எந்தப் பணத்தாலும் ஈடுகட்ட முடியாத நஷ்டம்.

விட்டுவிட்டேனே, 'சின்சியர்' அட்டையில், விரிசலை மறைக்க மெழுகு பூசாத சிலையிலிருந்து அந்தச் சொல் வந்ததாக ஒரு கதை. லத்தீனில் 'சின்செருஸ்' என்றால் தூய, கலப்பற்ற என்று பொருள். மெழுகுக்கும் அதற்கும் தொடர்பு இருப்பதாக ஆதாரமில்லை. 'டெசிமேட்' ரோமப் படையில் பத்துக்கு ஒருவரைக் கொன்ற தண்டனையிலிருந்து வந்தது, அது சரி. ஆனால் இன்று 'பெரும்பகுதியை அழித்தல்' என்றே எழுதுகிறார்கள். அந்த விடைக்குச் சிவப்புக் குறியா? பிறப்பு வேறு, இன்றைய வழக்கு வேறு என்பது அகராதி விற்பவருக்குத் தெரியாதா?

தயவுசெய்து ஒவ்வோர் அட்டையிலும் மூலமொழி, பழைய எழுத்துக்கூட்டல், முதல் பதிவின் நூற்றாண்டு மூன்றையும் தாருங்கள். கட்டுக்கதை என்றால் கட்டுக்கதை என்றே குறியுங்கள். மீதிக் காலத்துச் சந்தாவைத் திருப்பிவிடுங்கள். இல்லையேல் நுகர்வோர் நீதிமன்றத்தில் சந்திப்போம். சாட்டின் ஸ்கிரீன்ஷாட் இத்துடன் இணைத்திருக்கிறேன், அங்கேயும் அதைத்தான் கொடுப்பேன்.

இப்படிக்கு,
சந்தாதாரர்