லிமிட் தீர்ந்த பிறகு என்ன வேகம் என்று விலைக்குப் பக்கத்திலேயே போடச் சொல்லுங்கள்

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். வடசென்னையில் உள்ள கொருக்குப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். வண்ணாரப்பேட்டையில் ஒரு மருந்துக் கடையில் பில் போடும் வேலை எனக்கு. வீட்டில் ஐந்து பேர். நெட்டுக்கு மாதம் 500 ரூபாய்க்கு மேல் ஒதுக்க வழியில்லை. எங்கள் தெருவில் முக்கால்வாசி வீடுகளின் கணக்கும் இதுதான்.

என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டு பிராட்பேண்ட் திட்டம் எதுவானாலும் சரி, மாதத்துக்கு எத்தனை ஜிபி, அது தீர்ந்த பிறகு என்ன வேகம், வரியோடு சேர்த்து எவ்வளவு கட்ட வேண்டும், இந்த மூன்றையும் விலை போட்டிருக்கும் அதே இடத்தில், அதே அளவு எழுத்தில், தமிழில் போடச் சொல்லுங்கள். தீர்ந்த பிறகு கிடைக்கும் வேகம் 2 எம்பிபிஎஸ்ஸுக்குக் கீழே போகக் கூடாது என்றும் உத்தரவிடுங்கள்.

எஃப்யூபி, அதாவது இத்தனை ஜிபி தீர்ந்ததும் வேகத்தைக் குறைத்துவிடும் நிபந்தனை, என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அது எங்கள் வீட்டில் என்ன செய்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

என் தங்கை இன்ஜினியரிங் கடைசி வருடம். போன மாதக் கடைசியில் அவளுக்கு ஒரு கம்பெனியிலிருந்து வீடியோவில் இன்டர்வியூ. எங்களுடையது ஒற்றை அறையும் சமையல் இடமும் உள்ள வீடு. பாத்திர அலமாரி கேமராவில் தெரியக் கூடாதென்று சலவை செய்த பெட்ஷீட் ஒன்றைக் கொடிக்கயிற்றில் கட்டி, அதற்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். சத்தம் வரக் கூடாதென்று அம்மா குக்கரைக்கூட அடுப்பில் ஏற்றவில்லை. தம்பியை வெளியே அனுப்பிவிட்டோம். முதல் கேள்விக்கு நன்றாகத்தான் பதில் சொன்னாள். இரண்டாவது கேள்வியின் பாதியில் எதிரே இருந்தவரின் முகம் அப்படியே நின்றுவிட்டது. "நீங்க பேசுறது விட்டு விட்டுக் கேக்குது" என்றார். இவள் வீடியோவை அணைத்துவிட்டுப் பேசிப் பார்த்தாள். குரலும் போகவில்லை. நான் என் போனில் ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுப்பதற்குள் அவர்கள் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். இன்னொரு முறை வாய்ப்புத் தரும்படி மெயில் அனுப்பினாள். இன்றுவரை பதில் இல்லை.

எங்களுக்கு இணைப்புக் கொடுத்த கேபிள்காரத் தம்பிக்கு போன் போட்டேன்.

"அக்கா, லிமிட் முடிஞ்சிருச்சு. நூறு ரூபா டாப்-அப் போட்டீங்கன்னா உடனே வந்துரும்."

"முன்னாடியே சொல்லக் கூடாதாப்பா?"

"மெசேஜ் வந்திருக்குமேக்கா."

மெசேஜ் போயிருக்கிறது, எங்களுக்கு அல்ல. விண்ணப்பப் படிவத்தில் எங்கள் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் அந்தத் தம்பியின் கடை நம்பர் இருக்கிறது. ரீசார்ஜ் செய்யும்போது ஓடிபி தன் போனுக்கே வந்தால் வேலை சுலபம் என்று, தான் இணைப்புக் கொடுத்த வீடுகளுக்கெல்லாம் அதே நம்பரைத்தான் போட்டிருக்கிறாராம். அவரைக் குறை சொல்லி எழுதவில்லை. ஒரு இணைப்புக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கிப் பிழைப்பவர். படிவத்தில் இருப்பது சந்தாதாரரின் நம்பர்தானா என்று சரிபார்க்க வேண்டியது நிறுவனம்.

இந்த விஷயத்தில் நீங்கள் எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2016 அக்டோபரில் நீங்கள் பிறப்பித்த உத்தரவு நல்ல உத்தரவு. லிமிட்டில் 50 சதவீதம், 90 சதவீதம், 100 சதவீதம் தீரும்போது சந்தாதாரருக்குத் தகவல் போக வேண்டும் என்று அதில் இருக்கிறது. லிமிட் எவ்வளவு, அதற்குப் பிறகு வேகம் எவ்வளவு என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்றும் இருக்கிறது. ஆனால் அது எங்கள் தெருவுக்குள் வந்து சேரும்போது என்னவாகிறது என்று யாராவது ஒருவர் வந்து பார்த்திருக்கிறீர்களா?

இங்கே திட்டத்தை யாரும் வெப்சைட்டில் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்லை. டீக்கடைச் சுவரிலும் மின்கம்பத்திலும் ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் பார்த்துத்தான் போன் செய்கிறோம். எங்கள் வீட்டுத் திட்டத்தின் நோட்டீஸில் 40 எம்பிபிஎஸ், அன்லிமிடெட், மாதம் 399 ரூபாய் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். 399-க்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. நோட்டீஸின் அடியில், பசை தடவிய இடத்துக்குப் பக்கத்தில், நிபந்தனைகளுக்கு உட்பட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. மாத லிமிட் 150 ஜிபிதான் என்பது எங்குமே இல்லை. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் கையிலிருந்து போவது 471 ரூபாய் என்பதும் இல்லை. நெட் செலவை 500-க்குள் அடக்க வேண்டியவர்களுக்கு அந்த 72 ரூபாய் சின்னத் தொகை அல்ல.

150 ஜிபி என்றதும் நிறைய இருக்கும் என்றுதான் தோன்றும். ஒரு நாளைக்கு 5 ஜிபி, ஐந்து பேர் இருக்கும் வீட்டில் ஆளுக்கு 1 ஜிபி. எச்டி தரத்தில் ஒரு மணி நேரம் படம் ஓடினால் ஏறக்குறைய 3 ஜிபி போய்விடும். இரவில் எல்லோரும் தூங்கும்போது போன்கள் தாமாகவே போட்டோவையும் வீடியோவையும் ஏற்றிக்கொண்டிருக்கும், டிவி தானாகவே அப்டேட் ஆகும், அதெல்லாம் தனி. விளம்பரத்தில் சொன்ன 40 எம்பிபிஎஸ் வேகம் முழுதாகக் கிடைத்து இடைவிடாமல் ஓடினால், ஒரு மாதத்துக்கான 150 ஜிபி எட்டரை மணி நேரத்துக்குள் காலி. இதைத் தெரிந்துகொண்டுதான் ஒருவர் பணம் கட்ட வேண்டும். தெரிந்திருந்தால் நாங்கள் வேகம் குறைவாக, ஜிபி அதிகமாக உள்ள திட்டத்தைக் கேட்டு வாங்கியிருப்போம். 20 எம்பிபிஎஸ்ஸே எங்கள் வீட்டுக்குப் போதும்.

தீர்ந்த பிறகு கிடைக்கும் வேகத்தைப் பாருங்கள். 512 கேபிபிஎஸ், அதாவது ஏறக்குறைய அரை எம்பிபிஎஸ். விளம்பரம் செய்த வேகத்தில் ஏறக்குறைய எண்பதில் ஒரு பங்கு. இதில் 100 எம்பி ஃபைல் ஒன்று இறங்க 26 நிமிடம் ஆகும், அதுவும் வீட்டில் வேறு யாரும் நெட்டைத் தொடாமல் இருந்தால். நிறுவனம் விதியை மீறவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை. 512-க்குக் கீழே குறைக்கக் கூடாது என்று 2016-ல் நீங்கள் போட்ட எல்லையில் அது சரியாக நிற்கிறது. அன்றைக்கு பிராட்பேண்டின் வரையறையே 512 கேபிபிஎஸ்தான். 2023 ஜனவரியில் மத்திய அரசு அந்த வரையறையை 2 எம்பிபிஎஸ்ஸாக உயர்த்திவிட்டது. அப்படியானால் மாதத்தின் கடைசி வாரத்தில் நாங்கள் எந்தச் சேவைக்குப் பணம் கட்டுகிறோம்? முழு மாதத்துக்கும் பிராட்பேண்ட் என்றுதானே பில் வருகிறது?

திட்டம் பிடிக்கவில்லை என்றால் வேறு நிறுவனத்துக்கு மாறுங்கள் என்று சொல்வார்கள். பெரிய நிறுவனங்களிடம் கேட்டுப் பார்த்தோம். ஃபைபர் மெயின் ரோடு வரைதான் வந்திருக்கிறது, உங்கள் சந்துக்குள் இன்னும் வரவில்லை என்றார்கள். இன்னொரு நிறுவனம் வரச் சம்மதித்தது. ஆறு மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டினால் இன்ஸ்டாலேஷன் இலவசம், மாதா மாதம் கட்டுவதென்றால் அதற்குத் தனியாக ஆயிரம் ரூபாய். மொத்தமாகக் கட்ட முடியாதவர்களிடம்தான் கூடுதலாக வாங்குகிறார்கள். அதற்கும் கட்டு, பிறகு டாப்-அப்புக்கும் கட்டு.

சொல்ல ஆரம்பித்தால் நிறைய வருகிறது. எண்ணூரில் சாம்பல், கொடுங்கையூரில் குப்பை, மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, ராத்திரி பகல் பாராமல் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி. நகரத்துக்கு வேண்டியதெல்லாம் எங்கள் பக்கம் தாராளமாக வந்து சேரும். எங்களுக்கு வேண்டியது மட்டும் மெயின் ரோட்டோடு நின்றுவிடும். நான் முதல்வன் திட்டத்தில் பாடங்களை ஆன்லைனில் படி என்கிறார்கள், டிஎன்பிஎஸ்சிக்கு ஆன்லைனில் விண்ணப்பி என்கிறார்கள், கேஸ் சிலிண்டர் பதிவதிலிருந்து எல்லாமே போனில்தான். படிக்கிற பிள்ளைகளுக்காக கொளத்தூரில் முதல்வர் படைப்பகம் என்று உட்கார்ந்து படிக்க ஒரு மையம் திறந்திருக்கிறார்கள், நல்ல விஷயம். ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு அசைன்மென்ட் அனுப்ப இங்கிருந்து கொளத்தூர் போக முடியாது. இதில் பாதி உங்கள் பொறுப்பு அல்ல என்பது தெரியும். கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பொறுப்பில் இருப்பதற்கு வருகிறேன். தனிநபர் புகார்களை ஆணையம் விசாரிப்பதில்லை என்பது தெரியும். அதனால்தான் அந்த நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. அவர்களுடைய புகார் மையத்தில் பதிந்திருக்கிறேன், மேல்முறையீட்டுக்கும் போவேன். கட்டணத்தை நிறுவனங்களே வைத்துக்கொள்ளலாம் என்று நீங்கள் விட்டிருப்பதும் தெரியும். விலையைக் குறைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. என்ன விற்கிறார்கள் என்பதைச் சொல்லிவிட்டு விற்கச் சொல்லுங்கள் என்று மட்டும்தான் கேட்கிறேன்.

முடியாத காரியமும் அல்ல. பக்கத்தில் கேரள அரசு 2023-ல் கே-ஃபோன் என்ற தன் சொந்த இன்டர்நெட் சேவையைத் தொடங்கியபோது, அதன் மிகக் குறைந்த திட்டமே 20 எம்பிபிஎஸ் வேகத்தில் மாதம் 3000 ஜிபி, 299 ரூபாய், ஜிஎஸ்டி தனி என்று அறிவித்தது. வேகம், ஜிபி, விலை, வரி எல்லாம் ஒரே வரியில் அடங்கிவிட்டது. அந்த ஒரு வரியோடு, லிமிட் தீர்ந்த பிறகு என்ன வேகம் என்பதையும் சேர்த்து எங்கள் டீக்கடைச் சுவரில் ஒட்டும் நோட்டீஸிலும் போடச் சொல்லுங்கள். முகவர் அடிக்கும் நோட்டீஸுக்கும் நிறுவனமே பொறுப்பு என்று ஆக்குங்கள். இணைப்புக் கொடுக்கும் அன்றே சந்தாதாரரின் சொந்த போனுக்கு ஓடிபி அனுப்பி நம்பரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். லிமிட் தீர்ந்தாலும் 2 எம்பிபிஎஸ்ஸுக்குக் குறையக் கூடாது என்று எழுத்தில் உத்தரவிடுங்கள். 2 எம்பிபிஎஸ்ஸில் படம் பார்க்க முடியாமல் போகலாம், பரவாயில்லை. ஒரு பெண் தன் இன்டர்வியூவை முடித்துக்கொள்ள அது போதும்.

இது பற்றிக் கருத்துக்கேட்பு நடத்துவதாக இருந்தால் அந்த ஆவணத்தைத் தமிழிலும் வெளியிடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். எங்கள் தெருவிலிருந்து பதில் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நன்றி.

இப்படிக்கு,
கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு சந்தாதாரர்